உப்புக்காற்றிலும் திறக்கிற டிரைபாட் குயிக் ரிலீஸ்: நாமே வடிவமைத்துச் செய்ய முழு வழிகாட்டி

குயிக் ரிலீஸ் கிளாம்ப் என்பது கேமராவின் அடியில் மாட்டிய பிளேட்டை டிரைபாட் தலையில் கவ்விப் பிடிக்கிற பாகம். கடையில் விற்கிற எதை வாங்கினாலும் கேமராவைப் பிடித்துக்கொள்ளும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ராமநாதபுரம் கடற்கரையில் சிக்கல் பிடிப்பதில் இல்லை, விடுவதில்தான். தனுஷ்கோடியில் பூநாரைக் கூட்டம் எழும்பும்போது டிரைபாடில் இருந்து கேமராவைப் பிடுங்கிக் கையில் எடுக்க நினைத்தால் லீவர் அசையாது. உள்ளே மணல், ஸ்பிரிங்கில் துரு, அலுமினியம் வெள்ளையாகப் பூத்து ஆணியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பலத்தைப் பற்றிக் கொஞ்சமும், திறப்பதைப் பற்றி நிறையவும் இருக்கும். ஒரு லேத் பட்டறையும் ஓர் அரமும் வெர்னியரும் இருந்தால் செய்துவிடலாம்.

முதல் முடிவு: லீவரா, திருகா?

லீவர் கிளாம்ப் பார்க்க ஆசையாக இருக்கும். தட்டினால் திறக்கும், மடக்கினால் பூட்டும். உள்ளே இருப்பது மையம் விலகிய ஒரு வட்டம், கேம் என்பார்கள். அது தானாகத் திரும்பி விட்டுக்கொடுக்காமல் நிற்க ஒரு கணக்கு உண்டு: கேமின் ஆரத்தை உராய்வுக் கெழுவால் பெருக்கினால் வருகிற அளவை மைய விலகல் தாண்டக்கூடாது. ஆரம் 8 மி.மீ., உராய்வுக் கெழு 0.15 என்று வையுங்கள், விலகல் 1.2 மி.மீ. வரை போகலாம். எண்ணெயோ ஈரமோ பட்டுக் கெழு 0.1-க்கு இறங்கினால் 0.8 மி.மீ. தான். லீவரைக் கால் சுற்று திருப்பும்போது பிளேட்டைக் கவ்வும் தாடை நகர்வது ஏறக்குறைய அந்த விலகல் அளவுதான், அதாவது ஒரு மில்லிமீட்டர் சொச்சம்.

ஆனால் பிளேட்டை மேலிருந்து சாய்த்து உள்ளே வைக்க வேண்டுமானால் தாடை குறைந்தது இரண்டரை மில்லிமீட்டராவது விலக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்பத்தான் லீவர் கிளாம்ப் செய்கிறவர்கள் இரண்டு கட்டக் கேம், ஸ்பிரிங், பூட்டுப் பொத்தான், சரிசெய்யும் நட்டு என்று உள்ளே அடுக்கிக்கொண்டே போகிறார்கள். அதோடு வேறு வேறு கம்பெனி பிளேட்டின் அகலம் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், அதற்கு ஒவ்வொரு தடவையும் நட்டைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஸ்டூடியோவுக்குள் இதெல்லாம் நன்றாகவே வேலை செய்யும். அரிச்சல்முனை மணலில் ஒவ்வொரு பாகமும் ஒரு மணல் கிடங்கு.

திருகு கிளாம்ப் அப்படியில்லை. நகர்கிற பாகம் மூன்றே மூன்று: தாடை, திருகு, நட்டு. இன்னொரு நல்ல குணமும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை: அது ஒரேயடியாகத் திறக்காது. அரைச் சுற்று தளர்த்தினால் பிளேட் முன்பின் நகரும், ஆனால் விழாது. முழுதாக எடுக்க இரண்டரை மூன்று சுற்று வேண்டும். கை தவறி லீவரில் கேமரா பெல்ட் மாட்டினால் மூவாயிரம் கிராம் கண்ணாடி தரைக்குப் போகும், திருகில் பெல்ட் மாட்டினால் ஒன்றும் ஆகாது. அந்த மூன்று சுற்றுக்குக் கட்டைவிரலுக்கு இரண்டு விநாடிக்கு மேல் ஆகாது. நான் திருகின் பக்கம்தான். கீழே சொல்வதெல்லாம் திருகு கிளாம்புக்கு.

மாற்றக்கூடாத அளவுகள்

நம் கற்பனைக்கு இடமில்லாத சில அளவுகள் உண்டு. கேமராவின் அடியில் இருக்கிற மரை கால் இஞ்ச், இஞ்சுக்கு 20 சுற்று. ஐஎஸ்ஓ 1222 என்ற உலகத் தரம் சொல்வது இதைத்தான். டிரைபாட் தலை உட்காருகிற பெரிய மரை 3/8 இஞ்ச், இஞ்சுக்கு 16 சுற்று. எம்6 போல்ட் கிட்டத்தட்ட அதே பருமன்தானே என்று கேமராவில் போட்டுவிடாதீர்கள்: எம்6 விட்டம் 6 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ.; கால் இஞ்ச் 6.35 மி.மீ., இடைவெளி 1.27 மி.மீ. இரண்டு சுற்று நுழைவது போல நுழைந்து, மூன்றாவதில் கேமராவின் மரையைத் தின்றுவிடும். நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் கால் இஞ்ச் என்று கேட்டால் பெரும்பாலும் விட்வொர்த் என்கிற பழைய பிரிட்டிஷ் மரை போல்ட்டைத் தருவார்கள். அதிலும் இஞ்சுக்கு 20 சுற்றுதான், மரையின் கோணம் மட்டும் 60-க்குப் பதில் 55 டிகிரி. கேமரா மரையே ஆதியில் விட்வொர்த் வழியில் வந்ததுதான், அதனால் இது சேரும். விரலால் மட்டும் திருகிப் பாருங்கள், இழுவை தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

பிளேட்டுக்கு மேல் இந்தக் கால் இஞ்ச் திருகு நீட்டிக்கொண்டிருக்க வேண்டியது நாலரை மி.மீ. அளவுக்குத்தான். அதிகமானால் கேமராவின் அடித்தகட்டை உள்ளிருந்து முட்டும். உங்கள் கேமராவின் துளை ஆழத்தை ஒரு தீக்குச்சியை விட்டு அளந்துகொள்ளுங்கள்.

பிளேட் வடிவத்துக்குப் பல கம்பெனிகளும் பின்பற்றுகிற ஆர்க்கா-சுவிஸ் பாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் சுமார் 38 மி.மீ. அகலம், இரண்டு ஓரமும் 45 டிகிரி சரிவு. சொந்த வடிவம் கண்டுபிடிக்கலாம்தான், ஆனால் நண்பரின் லென்ஸைக் கடன் வாங்கும் நாளில் அது எதிலும் சேராது.

எவ்வளவு பிடி வேண்டும்?

காற்றைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் எல்லாருக்கும் பயம் அதில்தான். பாம்பனில் கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் நின்றவர்களுக்கு அந்தப் பயம் நியாயமாகவும் படும். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகக் காற்று, பக்கவாட்டில் 10 செ.மீ.க்கு 40 செ.மீ. அளவுள்ள லென்ஸ்: அதன் மேல் விழும் விசை சுமார் 6.5 நியூட்டன், அரைக் கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதே நேரத்தில் மூன்று கிலோ லென்ஸின் எடை மையம் கிளாம்புக்கு 10 செ.மீ. முன்னால் தள்ளியிருந்தால் அது கொடுக்கும் முறுக்கு, காற்று கொடுப்பதைப் போல ஆறேழு மடங்கு. ஆகவே காற்றுக்காகக் கிளாம்பைத் தடிப்பாக்குவதை விட, நீளமான பிளேட் போட்டு லென்ஸை முன்பின் நகர்த்திச் சமநிலைப்படுத்துவதுதான் பலன் தரும். காற்று படத்தை நடுக்கும், அது வேறு கதை, அதற்கு டிரைபாடின் கால்தான் பதில் சொல்ல வேண்டும்.

திருகின் பலம்: திருகின் முனையில் உள்ள குமிழை விரல்களால் திருகும்போது 0.6 நியூட்டன் மீட்டர் முறுக்கு எளிதாக வரும். எம்6 திருகில் அது சுமார் 500 நியூட்டன் இழுவையாகும், அதாவது 50 கிலோ. இது முழுதும் பிளேட்டுக்குப் போய்ச் சேராது, ஏன் என்று அடுத்து சொல்கிறேன்.

தாடை வடிவமைப்பு, இங்கேதான் வேலை

கிளாம்பின் நீளம் 50 மி.மீ. போதும். ஒரு தாடை உடம்போடு நிலையாக இருக்கட்டும், இன்னொன்று நகரட்டும். நகர்கிற தாடையைத் திருகு பிளேட்டுக்குக் கீழே இழுக்கிறது, பிளேட்டோ மேலே எதிர்த்துத் தள்ளுகிறது. அப்போது தாடை தலைசாய்ந்து மல்லாக்கப் பார்க்கும். சாயாமலிருக்கத் தாடையின் அடி ஓரத்தில் ஒரு குதிகால் விட வேண்டும், அது உடம்பில் முட்டி நிற்கும். ஒரு சங்கதி கவனியுங்கள்: திருகின் மையம் பிளேட்டைத் தொடும் இடத்துக்கு 8 மி.மீ. கீழேயும், குதிகால் திருகுக்கு 12 மி.மீ. கீழேயும் இருந்தால், திருகின் இழுவையில் 20-க்கு 12 பங்கு, அதாவது அறுபது சதவீதம், பிளேட்டுக்குப் போகும். 50 கிலோவில் 30 கிலோ. குதிகாலை மேலே ஏற்றினால் பங்கு குறையும், கீழே இறக்கினால் கிளாம்ப் தடிக்கும். 8-க்கு 12 எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்த 30 கிலோ 45 டிகிரி சரிவில் விழும்போது, உராய்வைக் கழித்துவிட்டுப் பார்த்தால், பிளேட்டின் ஒவ்வொரு ஓரத்தையும் 22 கிலோ அளவுக்குக் கீழே அமுக்கும். இரண்டும் சேர்ந்து 45 கிலோவுக்குப் பக்கம். மூன்று கிலோ லென்ஸுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பலம் பிரச்சினையே இல்லை என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

தாடை நேராக நகர, திருகுக்கு இரு பக்கமும் 16 மி.மீ. தள்ளி, 5 மி.மீ. விட்டமுள்ள இரண்டு வழிகாட்டி ஊசிகள் வையுங்கள். துளை ஊசியை விடப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான பொருத்தம் நல்லது என்று லேத்துக்காரர் சொல்வார், அது மற்ற ஊருக்கு. இங்கே ஒரே ஒரு மணல் பொடி போனால் தாடை நடுவழியில் நின்றுவிடும்.

தளர்த்தும்போது தாடை தானாகத் திறக்க எல்லாரும் ஸ்பிரிங் வைப்பார்கள். கடலோரத்தில் முதலில் சாகிற பாகம் அதுதான். அதற்குப் பதில் ஊசிகளின் மேல் 10 மி.மீ. நீளச் சிலிக்கான் குழாய்த் துண்டைக் கோத்துவிடுங்கள். தாடை மூடும்போது அது 7 மி.மீ. ஆக நசுங்கும், தளர்த்தினால் தள்ளும். துரு கிடையாது. நசுங்கும்போது குழாய் பக்கவாட்டில் புடைக்கும், அதனால் அது உட்காரும் பள்ளத்தைக் குழாயை விட 3 மி.மீ. அகலமாகத் துளைக்க வேண்டும்.

திருகு உடம்பின் அலுமினியத்தில் நேராக மரையில் போகக்கூடாது. நிலைத் தாடைக்கு நேர் கீழே, அடியிலிருந்து மேலாக 10 மி.மீ. துளை போட்டு, அதில் கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) உருளை ஒன்றைச் செருகி, அந்த உருளையின் குறுக்கே எம்6 மரை போடுங்கள். திருகு உடம்பின் குறுக்காகப் போய் அந்த உருளையைப் பிடிக்கும். உருளை தன் துளையில் லேசாகத் திரும்பக்கூடியது, அதனால் துளை அரை மி.மீ. கோணலாக விழுந்தாலும் திருகு சிக்கிக்கொள்ளாது. மரை தேய்ந்தால் உருளையை மட்டும் தட்டி எடுத்து வேறு போடலாம், கிளாம்ப் தப்பிக்கும். திருகின் மறுமுனை உடம்பைத் தாண்டி ஒரு வட்டப் பள்ளத்துக்குள் வரட்டும், அங்கே தானாகத் தளராத ஒரு நைலாக் நட்டைப் போட்டு, தாடை மூன்றரை மி.மீ.க்கு மேல் திறக்காதபடி நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் அவசரத்தில் குமிழோடு தாடையும் கையில் வந்துவிடும்.

குமிழின் விட்டம் 22 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். பொடிப்பொடியாக நர்லிங் (பிடிப்புக்கான சொரசொரப்புக் கோடுகள்) போட்டால் உப்பு அதில் அடையும்; ஐந்தாறு பெரிய வளைவுப் பள்ளங்கள் போதும், ஈரக் கைக்கும் அதுதான் வசதி.

மணலுக்கு வழி விடுங்கள்

பிளேட் உட்காரும் தளம் முழுதும் தட்டையாக இருந்தால், நாலு மணல் பொடி நடுவில் மாட்டி பிளேட்டை ஆட வைக்கும். எனவே இரண்டு ஓரத்திலும் 5 மி.மீ. அகலத்துக்கு மட்டும் மேடு விட்டு, நடுவில் ஒன்றரை மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, அந்தப் பள்ளத்தை இரண்டு முனையிலும் திறந்து விடுங்கள். ஊதினால் மணல் வெளியே போய்விடும். தாடைச் சரிவு தளத்தைச் சந்திக்கும் உள்மூலையிலும் ஒரு சின்னக் காடி எடுக்க வேண்டும். மூலையில்தான் மணல் தங்கும். காடி இருந்தால் மணல் அதில் கிடக்கும், பிளேட் அதன் மேல் ஏறாது.

எந்த உலோகம்?

உடம்புக்கும் பிளேட்டுக்கும் 6061-டி6 அல்லது சந்தையில் எச்ஈ30 என்று கேட்டால் கிடைக்கிற அலுமினியம். ஜன்னல் செக்‌ஷன் செய்யும் 6063 கொஞ்சம் மென்மை, மரை சீக்கிரம் தேயும். திருகும் ஊசிகளும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதாவது எஸ்எஸ் 316. 304 ரகம் இங்கே சில மாதத்தில் டீக்கறை போலப் பழுப்பேறும். ஆபத்தில்லை, ஆனால் பார்க்க மனது வராது. மண்டபம் பக்கம் படகு வேலை செய்யும் பட்டறைகளில் புரொப்பல்லர் ஷாஃப்ட் துண்டுகளும் கன்மெட்டல் புஷ் துண்டுகளும் கிடக்கும், நமக்கு வேண்டியது விரல் நீளம்தான். அங்கே எஸ்எஸ் திருகுக்கு எஸ்எஸ் நட்டே போடலாமா என்று கேட்டால் கிடைக்கிற பதில்: “தம்பி, ரெண்டும் எஸ்எஸ்னா ஒருநாள் கடிச்சுக்கும், அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும்.” முழு உண்மை. அதனால்தான் கன்மெட்டல் உருளை.

எஸ்எஸ்ஸும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். கன்மெட்டல் பட்டாலும் அதே கதை. தடுக்க இரண்டு வழியையும் சேர்த்துச் செய்யுங்கள்: அலுமினியப் பாகங்களுக்கு அனோடைஸிங் (மின்சாரம் வழியே ஏற்றும் ஆக்சைடு பூச்சு), தொடும் இடங்களில் படகுக்காரர்கள் பயன்படுத்துகிற தண்ணீரில் கரையாத கிரீஸ். குமிழுக்கும் தாடைக்கும் நடுவில் ஒரு நைலான் வாஷர். அனோடைஸிங் 20 மைக்ரான் என்றால் ஒவ்வொரு பரப்பும் 10 மைக்ரான் அளவுக்கு வெளியே வளரும், 38 மி.மீ. அகலத்தில் அது ஒரு பொருட்டல்ல, ஆனால் மரைத் துளைகளை அடைத்துவிட்டுக் கொடுங்கள். பிசிறு தட்டாமல் கொடுத்தால் கூரான விளிம்பில் பூச்சு நிற்காது, எனவே எல்லா விளிம்பையும் அரத்தால் அரை மி.மீ. உடைத்துவிட வேண்டும்.

3டி பிரிண்ட்? அளவு பார்க்க ஒரு மாதிரி எடுங்கள், நல்ல யோசனை. அதையே பயன்படுத்த வேண்டாம். பிரிண்டில் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகிவிடும், மே மாதம் ராமேஸ்வரத்தில் வெயிலில் நிறுத்திய காருக்குள் அது சர்வ சாதாரணம்.

பட்டறையில் செய்யும் வரிசை

சரிவான காடி வெட்டும் 45 டிகிரி டவ்டெயில் கட்டர் எல்லாப் பட்டறையிலும் இருக்காது. இல்லையென்றால் பழைய ஷேப்பிங் மிஷின் இருக்கிறதா என்று கேளுங்கள், அதன் டூல் தலையை 45 டிகிரிக்குச் சாய்க்கலாம். மில்லிங் மட்டும்தான் இருக்கிறது என்றால் இரண்டு தாடையையும் தனிப் பட்டையாகச் செய்து, வைஸில் சாய்த்துப் பிடித்துச் சரிவை வெட்டி, நிலைத் தாடையை எம்5 போல்ட் இரண்டும் ஒரு ஜோடி ஊசியும் போட்டு உடம்போடு சேர்த்துவிடலாம்.

முதலில் பிளேட்டை முடியுங்கள், பிறகு கிளாம்ப். பிளேட்டின் ஓரம் கூராக இருக்காது, அதனால் வெர்னியரை நேராக வைத்தால் அளவு ஏமாற்றும். ஒரே விட்டமுள்ள இரண்டு டிரில் பிட்டை எடுத்து, அவற்றின் வழவழப்பான தண்டுப் பகுதியைப் பிளேட்டின் இரு காடியிலும் படுக்க வைத்து, வெளிப்புறம் வெளிப்புறமாக அளவெடுங்கள். கடையில் வாங்கிய ஒரு நல்ல பிளேட்டையும் அதே பிட்டோடு அதே மாதிரி அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் பத்தில் இரண்டு மி.மீ.க்குள் இருந்தால் போதும்.

அடுத்து கிளாம்பின் துளைகள். தாடையையும் உடம்பையும் ஒன்றாகக் கவ்விப் பிடித்துத் திருகுத் துளையையும் ஊசித் துளைகளையும் ஒரே அமைப்பில் துளைத்துவிட வேண்டும், தனித்தனியாகத் துளைத்தால் சேராது. டேப் போட்டு மரை வெட்டும் முன் துளை அளவு: எம்6-க்கு 5 மி.மீ., கால் இஞ்சுக்கு 5.1, 3/8-க்கு 8. டிரைபாட் தலையில் மாட்டும் மரையை அடியிலிருந்து 8 மி.மீ. ஆழத்தோடு நிறுத்துங்கள், அதற்கு மேலே குறுக்குத் திருகு ஓடுகிறது. தலையோடு சேர்க்கும்போது நடுத்தர வலுவுள்ள நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், அப்புறம் சூடு காட்டாமல் கழற்ற முடியாது.

பிளேட்டில் இரண்டு கவனம்

கேமரா ஒற்றைத் திருகின் மேல் நிற்பதால் செங்குத்தாகப் படம் எடுக்கும்போது சுழலப் பார்க்கும். ரப்பர், தக்கை ஒட்டி இதைச் சமாளிப்பார்கள். ரப்பர் வெயிலில் நெகிழும், தக்கை உப்புத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பிளேட்டின் பின் ஓரத்தில் 3 மி.மீ. உயரத்துக்கு ஒரு உதடு விட்டு, அது கேமராவின் முதுகைத் தொடும்படி செய்தால் ரப்பரே வேண்டாம். திரை மடங்கித் திறக்கும் கேமரா என்றால் உதடு அதைத் தடுக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நிறுத்தத் திருகுகள். பிளேட்டின் அடியில் இரு முனையிலும் எம்3 ஆலன் திருகு ஒவ்வொன்று, தலை 3 மி.மீ. கீழே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கிளாம்ப் 50 மி.மீ. என்றால் இரண்டு திருகின் மையங்களுக்கு நடுவில் 58 மி.மீ. விட்டு, பிளேட்டை 66 மி.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். குமிழ் லேசாகத் தளர்ந்தாலும் பிளேட் வழுக்கி வந்து இந்தத் தலையில் முட்டி நிற்கும். படகில் போய்க் காரங்காட்டு அலையாத்திக்குள் படம் எடுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் போட வேண்டும், அங்கே கீழே விழுவது தண்ணீருக்குள். பெரிய லென்ஸின் அடியில் இருக்கும் காலுக்கு 100, 120 மி.மீ. நீள பிளேட் போட்டாலும் முனைகளில் இதே ஏற்பாடுதான்.

கேமரா ஏற்றும் முன் சோதனை

பிளேட்டின் கால் இஞ்ச் துளையில் ஒரு கொக்கி மாட்டி, கிளாம்பைத் தலைகீழாகப் பிடித்து 15 கிலோ தொங்கவிடுங்கள், ஒரு மணி நேரம். பிறகு பக்கவாட்டில் அதே எடை. அசைந்திருக்கிறதா என்று முன்பே பென்சில் கோடு போட்டு வைத்துப் பாருங்கள்.

அது எளிய சோதனை, தேறிவிடும். உண்மையான சோதனை அடுத்தது. ஒரு போத்தலில் கடல் தண்ணீரும் ஒரு பையில் மணலும் எடுத்து வந்து, பிளேட் மாட்டிய கிளாம்பைத் தண்ணீரில் முக்கி, மேலே மணல் தூவி, வெயிலில் காய விடுங்கள். மறுநாள் மறுபடியும். ஒரு வாரம் இப்படியே, நடுவில் திறக்கவே கூடாது. கடைசி நாள் இரண்டு விரலால் குமிழைத் திருகினால் திறக்க வேண்டும். இடுக்கி தேவைப்பட்டால் கழற்றிப் பாருங்கள்: ஊசியில் வெள்ளைப் பொடி இருந்தால் துளையைப் பெரிதாக்கி கிரீஸ் போடுங்கள், தாடை முகத்தில் கீறல் இருந்தால் காடி ஆழம் போதவில்லை.

ஓட்டத்தில் வைத்திருக்க

கிரீஸ் திருகு மரைக்கும் உருளைக்கும் ஊசிக்கும் மட்டும். தாடைச் சரிவிலும் தளத்திலும் ஒரு சொட்டு எண்ணெய்கூட வேண்டாம், மணல் அதில் ஒட்டி அரமாகிவிடும், பிடியும் குறையும். கடற்கரையிலிருந்து வந்ததும் கிளாம்பைத் திறந்த நிலையில் வைத்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர்வெல் தண்ணீர் நம் பக்கம் பாதிக் கடல்தான், அதில் கழுவினால் கழுவாதது போலத்தான். குடிக்க வருகிற காவிரித் தண்ணீரில் ஒரு சொம்பு போதும். கழுவியபின் குமிழை இறுக்கி வைக்காமல் ஒரு சுற்று தளர்த்தியே பையில் போடுங்கள், சிலிக்கான் குழாய் நசுங்கிய நிலையிலேயே கிடந்தால் தன் உயரத்தை இழந்துவிடும். அப்படி இழந்தால் பத்து மி.மீ. துண்டு வெட்டி மாற்றிக்கொள்ளலாம், அந்தக் குழாய் ஒரு அடி வாங்கி வைத்தால் வருடக்கணக்கில் வரும்.